தம் அடிப்பதை விடுவதற்கு ஒரு குழு: பன்னிரண்டு வாரம் இருந்துவிட்டு எழுதுகிறேன்

பத்தொன்பது வருடம் புகைத்தவன் நான். நாளுக்கு ஒரு பாக்கெட், வேலை நெருக்கினால் ஒன்றரை. நடுவில் நான்கு முறை யாரிடமும் சொல்லாமல் விட்டுப் பார்த்தேன், அதிகபட்சம் தாக்குப் பிடித்தது பதினோரு நாள். ஐந்தாவது முறை ஒரு மருத்துவமனை நடத்தும் குழுவில் சேர்ந்தேன். வாரம் ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும், மொத்தம் பன்னிரண்டு வாரம். இடைப்பட்ட நாட்களுக்கு எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. ஆளுக்கு ஒரு துணை, அதாவது நடு ராத்திரியில் கை பரபரத்தால் கூப்பிட ஒரு எண். அவ்வளவுதான் சேவை. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறைகளில் பாதி, இந்த மாதிரி எந்தக் குழுவிலும் இருக்கக்கூடியவை.

முதல் நாள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்தார், ஆறு கேள்வி. நிகோட்டின் பிடி எவ்வளவு என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாள்தான் அது. அதில் மிக முக்கியமான கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பது இல்லையாம், காலையில் கண் விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதானாம். நான் ‘அரை மணி நேரத்துக்குள்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பக்கத்தில் இருந்த லாரி ஓட்டுநர் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “அரை மணி நேரமா? உங்க விரல் அப்படிச் சொல்லலையே சார்” என்றார். என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சளாக இருந்தன. அழித்துவிட்டு ‘ஐந்து நிமிடத்துக்குள்’ என்று மாற்றினேன். இந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த முதல் உதவி அதுதான். மருத்துவரிடம் பொய் சொல்லலாம், மனைவியிடம் பொய் சொல்லலாம், கூடவே புகைத்தவனிடம் அது கொஞ்சம் கஷ்டம். (கஷ்டம்தான், முடியாதது இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

குழு தரும் தகவல்கள் நன்றாக இருந்தன, அதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இழுத்த புகையில் இருக்கும் நிகோட்டின் பத்து இருபது நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது, இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது, அதனால்தான் கூட்டம் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் இரண்டாவது மணி நேரத்தில் நம் கண் கதவைத் தேடுகிறது. விட்ட பிறகு இரண்டாவது மூன்றாவது நாள் மிக மோசம், பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் உடம்பு ஓரளவு அடங்கிவிடும். ஒரு ஏக்கம் வந்தால் அது சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் நிகோட்டின் சூயிங்கத்தை எல்லோரும் தவறாகத்தான் மெல்கிறோம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். முன்பு ஒரு முறை நான் தனியாக விட முயன்றபோது ‘இந்த கம் எனக்கு ஒத்துக்கவில்லை’ என்று தூக்கிப் போட்டதற்குக் காரணம் இதுதான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்ற வைப்பவர்களுக்கு நான்கு மில்லிகிராம் கம் தேவை, நான் அப்போது வாங்கியது இரண்டு.

ஆனால் எனக்கு மிகவும் உதவிய தகவல் தாளில் இல்லை. மூன்றாவது வாரம் எல்லோரும் ஒரே புலம்பல், தூக்கம் இல்லை, நெஞ்சு படபட என்கிறது, இது நிகோட்டின் இல்லாததால் என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும், “நான் காபியைப் பாதியாக் குறைச்சேன், சரியாப் போச்சு” என்றார். ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன, புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது, அதே இரண்டு கோப்பை காபி இப்போது உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. மனநலத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகளுக்கும் இதே கதைதான், விட்டதும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறலாம், ஆகவே அப்படி மாத்திரை எடுப்பவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இதை முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டாமா? நுரையீரல் படங்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள், இதற்கு ஆசிரியை வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்தப் படங்களை நாங்கள் எல்லோரும் பாக்கெட் மேலேயே பார்த்திருக்கிறோம், பார்த்துக்கொண்டேதான் பற்ற வைத்தோம்.

அந்த ஆசிரியைதான் எனக்குத் துணையாக வாய்த்தவர். அறுபதைத் தாண்டியவர், முப்பது வருடமாக வீட்டில் யாருக்கும் தெரியாமல் குளியலறை ஜன்னல் ஓரம் நின்று புகைத்தவர். அவரை நான் அக்கா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். துணை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. முதலில் அது குறையாகத்தான் பட்டது.

ஒன்பதாவது நாள் ராத்திரி பத்தரைக்கு அழைத்தார். “கடை வாசல்ல வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கேன் தம்பி. கதவைப் பூட்டிக்கிட்டேன். ஏதாவது பேசு. இதைப் பத்தி மட்டும் பேசாதே.” எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊக்கமூட்டிப் பேசும் ஆள் நான் இல்லை. எதிரே மேசையில் அன்று காலையில் பழுதான துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு கிடந்தது. அதை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். பிழைக் குறியீடுகள் பக்கம். தண்ணீர் வரவில்லை என்றால் இந்த எண், கதவு சரியாக மூடவில்லை என்றால் அந்த எண், நுரை அதிகமானால் வேறொன்று. நடுவில் அவர், “நுரை அதிகமானா என்ன பண்ணணுமாம்?” என்று அக்கறையாகக் கேட்டார். “ஒண்ணும் பண்ண வேண்டாமாம் அக்கா. அதுவே அடங்குற வரைக்கும் நின்னுட்டு மறுபடி ஓடுமாம்.” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அழைப்பு ஏழு நிமிடம் ஓடியிருந்தது.

அந்த ஏழு நிமிடத்துக்காகவே இந்தச் சேவைக்கு ஒரு நட்சத்திரம் அதிகம் போடலாம். ஏனென்றால் அந்த ராத்திரி நானும் நன்றாக இல்லை, பத்து மணியிலிருந்து பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன், அவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு. அவர் கூப்பிட்டதும் அது எனக்கு மறந்தே போனது.

இதை வெறும் உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை, பிறகு தேடிப் படித்தேன். 2008இல் கிறிஸ்டாக்கிஸ், ஃபவுலர் என்ற இரு ஆய்வாளர்கள், 1971 முதல் 2003 வரை ஒன்றோடொன்று தொடர்புள்ள 12,067 பேரின் புகைப்பழக்கத்தை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது, நண்பர் விட்டால் 36, உடன்பிறந்தவர் விட்டால் 25. ஆட்கள் ஒற்றை ஒற்றையாக விடுவதில்லை, கொத்துக் கொத்தாக விடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது. இன்னொரு பக்கம், ‘விட முயல்பவரின் வீட்டாருக்கு எப்படி ஆதரவு தருவது என்று பயிற்சி கொடுத்தால் வெற்றி கூடுமா’ என்று பார்த்த ஆய்வுகளில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. என் மனைவியைக் கேட்டால் அதற்குக் காரணம் சொல்வாள். அவள் புகைத்ததே இல்லை. நான் விட்ட முதல் வாரம் அவள் செய்த ஆதரவு, நான் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் ஒன்றும் தெரியாதது போல் என் சட்டைப் பக்கம் வந்து மூச்சை இழுப்பது. அன்பில்தான் செய்தாள். எனக்கு அந்த நொடியே கீழே போய் ஒன்று பற்ற வைக்க வேண்டும் போல இருந்தது.

சரி, இப்போது பொய்க்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எழுந்ததும் ஒவ்வொருவரும் தன் நாள் எண்ணைப் போட வேண்டும். நாள் 5. நாள் 12. போட்டதும் எல்லோரும் கைதட்டும் பொம்மை போடுவார்கள். முதல் இரண்டு வாரம் இது அமிர்தமாக இருந்தது, அந்த எண்ணைப் போடுவதற்காகவே ராத்திரியைக் கடத்தியிருக்கிறேன். இருபத்து மூன்றாம் நாள் சக ஊழியர் ஒருவரின் பிரிவு விருந்து. வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவன், ஒருவர் கையில் இருந்ததை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுத்தேன். தலை கிறுகிறுத்தது, நன்றாகக்கூட இல்லை. மறுநாள் காலை கைப்பேசியை எடுத்து ‘நாள் 24’ என்று போட்டேன். ஏழு பொம்மை கைதட்டியது. அன்று மாலையே ஒரு பாக்கெட் வாங்கினேன்.

இதைத்தான் இந்த மாதிரிக் குழுக்களின் பெரிய ஓட்டை என்பேன். எண் ஏற ஏற அதன் விலையும் ஏறுகிறது. நாள் 3இல் வழுக்கினால் சொல்வதற்குத் தயக்கம் இல்லை. நாள் 24இல் சொல்ல வேண்டுமானால் இருபத்து மூன்று நாள் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாக இருக்கிறது. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளச் சொன்ன செயலியும் அப்படித்தான், ‘புகைத்தேன்’ என்று அழுத்தினால் இருந்ததெல்லாம் போய்ப் பூஜ்யம் வந்து நிற்கும். அதனால் நான் அதை அழுத்தவில்லை. எண்கள் ஏறிக்கொண்டே போயின, பாக்கெட் காலியாகிக்கொண்டே வந்தது.

நேரில் போகும் நாளில் ஊதும் கருவி ஒன்று உண்டு. மூச்சை அடக்கி மெதுவாக ஊதினால், மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று ஒரு எண் காட்டும். புகைக்காதவர்களுக்கு ஒற்றை இலக்கத்தில் கீழே இருக்கும், முதல் வாரம் எனக்கு 27 காட்டியது. ஆனால் அந்த வாயு உடம்பில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை பாதிப் பாதியாகக் குறைந்துவிடும். இதையும் அவர்களே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் கணக்குப் போட்டேன், கூட்டம் மாலை ஆறரைக்கு, முந்தைய நாள் ராத்திரியோடு நிறுத்திக்கொண்டால் போதும். ஊதினேன். 5. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நின்றதைவிடக் கேவலமாக நான் சமீபத்தில் எங்கேயும் நின்றதில்லை. கருவி நல்ல கருவிதான், முதல் வாரத்தில் 27இலிருந்து 3க்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தது எந்த அறிவுரையையும்விட என்னை நிறுத்தி வைத்தது. ஆனால் அதை எல்லோர் முன்னாலும் ஊத வைப்பது தவறு என்பது என் கட்சி. தனி அறையில் வைத்தால் அந்த எண் நமக்கு, நடுவில் வைத்தால் அது மற்றவர்களுக்கு.

என்னைக் காப்பாற்றியது லாரி ஓட்டுநர். தன் முப்பத்தோராம் நாள் காலையில் அவர் குழுவில் போட்டது: ‘நாள் 1’. வேறு ஒரு வார்த்தை இல்லை. இருபது நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் ஒருவர் அழும் பொம்மை போட்டார். இன்னொருவர், “ஐயோ, இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று எழுதினார். தயவுசெய்து யாரிடமும் இந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். அதன் பிறகு ஆசிரியை எழுதியது: “முப்பது நாள் எங்கேயும் போகலை அண்ணே. எத்தனை மணிக்கு, எங்கே, கூட யாரு?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஓட்டுநர் பதில் எழுத எழுதத்தான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. சரக்கு இறக்க ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, கம் தீர்ந்துபோயிருந்தது, மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் வண்டிக்கு வெளியே நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். ஓட்டும்போது வரும் ஏக்கத்துக்கு அவர் தயாராக இருந்தார், சும்மா நிற்கும்போது வருவதற்குத் தயாராக இல்லை. உடனே ஆளுக்கு ஒரு யோசனை வந்தது, வண்டியிலேயே இன்னொரு அட்டை கம் வைக்கச் சொன்னார் ஒருவர், அந்த ஆறு மணி நேரத்துக்கு முறைவைத்து நாங்கள் அழைக்கலாம் என்றார் இன்னொருவர். அதற்கு நடுவில் நான் எழுதினேன், “எனக்கும் இன்னைக்கு நாள் 1தான். ஏழு நாளாகப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்.” அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொருவரும் ஒப்புக்கொண்டார். எட்டுப் பேரில் மூன்று பேர்! அத்தனை கைதட்டலுக்கு நடுவில்.

அந்த வாரம் நாங்கள் காலையில் எண் போடுவதை நிறுத்திவிட்டோம், ஆலோசகரைக் கேட்காமலே. அதற்குப் பதிலாக, ‘நேற்று எப்போது ரொம்பக் கஷ்டமாக இருந்தது’ என்று மட்டும் எழுதுவது. ‘சாப்பிட்டு முடிச்ச உடனே.’ ‘மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்ததும்.’ ‘ஒண்ணுமே நடக்காத நாலு மணிக்கு.’ படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் அந்த நாலு மணியை வேறு யாராவது எழுதும்போது வரும் நிம்மதியை எந்த ஊக்கப் படமும் கொடுக்கவில்லை. ஊக்கப் படம் என்றதும் ஞாபகம் வருகிறது, காலை ஆறு மணிக்குச் சூரிய உதயப் படத்தில் வாசகம் போட்டு அனுப்பும் ஒருவர் எங்கள் குழுவிலும் இருந்தார். அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது வாரமே குழுவை விட்டுப் போனவர் இவரால்தான் போனார் என்பது ஓட்டுநரின் கருத்து.

இனி யாருக்கு இது சரிப்படும் என்று கேட்டால், தனியாகப் பல தடவை முயன்று முதல் வாரத்தைத் தாண்ட முடியாதவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்கிறார்கள், ஆகவே தோற்றதற்கு மன உறுதியைத் திட்டிக்கொள்ள வேண்டாம். கையேட்டை வைத்துக்கொண்டு தானாக முயல்வதைவிடக் குழுவில் பலன் அதிகம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதே நேரம், ஒரு ஆலோசகரிடம் தனியாக உட்கார்ந்து பேசுவதைவிடக் குழு உசத்தி என்று காட்ட ஆதாரம் இல்லை. பத்துப் பேர் முன்னால் வாய் வராதவர்கள் தனி ஆலோசனைக்கே போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது. கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், கம் எடுப்பதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடும். முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ என்கிறார்கள், எனக்கு மூன்று. பேண்ட்டைத் தளர்த்திக்கொண்டேன்.

குழுவின் இன்னொரு குறை, பன்னிரண்டாவது வாரத்தோடு கத்தரித்தது போல முடித்துவிடுகிறார்கள். ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம், வாட்ஸ்அப் குழுவையும் மூடிவிட்டார்கள். உடம்பு அடங்க நாலு வாரம் போதும், பழகிய இடமும் நேரமும் அடங்க அது போதாது. ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு தடவையாவது கூட்டலாம். நாங்கள் ஆறு பேர் எங்களுக்குள் வேறு குழு தொடங்கிக்கொண்டோம். சூரிய உதயம் அதிலும் இருக்கிறார், ஆசிரியைதான் சேர்த்தார். “அவருக்கு அதுதான் தம்பி தெரியும், அனுப்பிட்டுப் போகட்டும்” என்றார். முடியும்போது எட்டுப் பேரில் ஐந்து பேர் புகைக்கவில்லை. நான் இரண்டாவது நாள் 1க்குப் பிறகு நாலரை மாதம் ஆகிறது. அதைக்கூட இந்த விமர்சனத்துக்காக நாள்காட்டியைப் பார்த்துத்தான் எண்ணினேன்.

ஐந்துக்கு நாலு. குறைத்த அந்த ஒன்று, ஊதும் கருவியை நடுவில் வைத்ததற்கும் கதவுக்கும் சேர்த்து. கூட்டம் நடக்கும் அறையின் வாசல், அந்தக் கட்டிடத்தில் புகைப்பதற்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுக் கதவைத் திறந்தால் முதல் காற்றே அதுதான். பன்னிரண்டு வாரமும் வந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடினோம், ஆசிரியை எல்லோருக்கும் முன்னால். பின்பக்கம் இன்னொரு கதவு இருக்கிறது, சாவி காவலாளியிடம் இருக்கிறது. அடுத்த குழுவுக்காவது அதைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.